மெஷின் இல்லாமல் உறைதயிரும் பழமும்: கல்லாகாமல் செய்யும் வழி

மும்பைக்குப் பக்கத்து டோம்பிவிலியில் இருக்கும் ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார்: "அரை கிலோ பாக்கெட் தயிரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, ஸ்ட்ராபெர்ரியை நறுக்கிக் கலந்து, டப்பாவில் ஊற்றி ராத்திரி ஃப்ரீஸரில் வைத்தேன். காலையில் பார்த்தால் கல். கரண்டி வளைந்துவிட்டது. குத்தி எடுத்ததும் வாயில் ஐஸ் பொடியாகத்தான் இருந்தது. மாலில் விற்கிற ஃப்ரோஸன் யோகர்ட் மாதிரி மெஷின் இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா? பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு மூன்று. ஐஸ்கிரீமைவிட இது உடம்புக்கு நல்லதா? சளி பிடிக்கும், வேண்டாம் என்கிறார் மாமியார்."

முடியும். ஆனால் மாலில் மெஷினிலிருந்து சுருள் சுருளாக விழுகிறதே, அந்தப் பதம் டப்பாவில் ஊற்றி உறையவிட்டால் ஒருநாளும் வராது. அதைத் துரத்த வேண்டாம். மெஷின் இல்லாத வீட்டுக்கு ஏற்ற வடிவங்கள் வேறு இருக்கின்றன. மெல்லிய தகடாக உறையவைத்து உடைத்துத் தின்பது ஒன்று. பழத்தை மட்டும் முதலில் உறையவைத்து, சாப்பிடுகிற நேரத்தில் தயிரோடு மிக்ஸியில் அடிப்பது இன்னொன்று. இரண்டுமே நன்றாக வரும். நான் டெய்ரி டெக்னாலஜி படித்து, ஓர் ஐஸ்கிரீம் ஆலையின் தரப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். வீட்டில் இதைச் செய்ய ஆரம்பித்தது பேத்தி வந்த பிறகுதான். அதனால் ஆலையில் என்ன நடக்கிறது, செம்பூரில் என் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் டப்பாவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். எருமைப்பாலில் 82, 83 பங்கு. பால் தயிரானாலும் அந்தத் தண்ணீர் எங்கேயும் போய்விடுவதில்லை. புரதம் பின்னிய வலைக்குள் பிடிபட்டு நிற்கிறது, அவ்வளவுதான். தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி அள்ளிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அள்ளிய குழியில் தெளிந்த நீர் ஊறி நிற்கும். ஸ்ட்ராபெர்ரியில் இன்னும் மோசம், 91 பங்கு தண்ணீர். ஆகவே நீங்கள் ஃப்ரீஸரில் வைத்தது பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் உறைந்தால் கல்லாகத்தான் ஆகும்.

ஆலையிலும் கடையிலும் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. அங்கே மெஷினின் உட்சுவர் கடுங்குளிராக இருக்கும், அதில் ஒட்டி உறைகிற படலத்தை ஒரு கத்தி சுற்றிச் சுற்றிச் சுரண்டிக்கொண்டே இருக்கும். படிகம் பெரிதாவதற்குள் சுரண்டப்பட்டுவிடுகிறது. கூடவே காற்றும் உள்ளே அடிபடுகிறது. நம் நாக்கு ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலே உள்ள ஐஸ் படிகத்தை மணல் மாதிரி உணர்ந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் வழவழப்பு என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் ஃப்ரீஸரில் அரை கிலோ டப்பா வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாக, பல மணி நேரம் எடுத்து உறைகிறது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிது. கலக்கவும் ஆள் இல்லை. 1970களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இந்தப் பண்டம் கடைக்கு வந்தபோதே மெஷினை நம்பித்தான் வந்தது. அதனால் உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை.

மெஷின் இல்லாமல் உறையும் பண்டம் ஒன்று இதே மும்பையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது: குல்ஃபி. அதை யாரும் கடைவதில்லை, காற்று அடிப்பதில்லை. பாலை வற்ற வற்றக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் மிஞ்சுகின்றன. அப்புறம் ஒல்லியான அச்சில் ஊற்றி, ஐஸும் உப்பும் கலந்த பானைக்குள் புதைக்கிறார்கள். தண்ணீரைக் குறை, இனிப்பைக் கூட்டு, சின்ன வடிவில் வேகமாக உறையவை: மூன்று காரியமும் அதில் இருக்கிறது. தயிரைக் காய்ச்ச முடியாது, திரிந்துவிடும். அதனால் தண்ணீரைக் காய்ச்சி விரட்டுவதற்குப் பதில் வடித்து விரட்ட வேண்டும்.

அதற்கு இந்த ஊரில் நீங்கள் மெனக்கெடவே வேண்டாம். ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பைச் செய்வதற்காக மராத்திக்காரர்களும் குஜராத்திகளும் தயிரைத் துணியில் கட்டி வடிப்பார்கள். அந்த வடித்த தயிருக்கு சக்கா என்று பெயர். டோம்பிவிலி, தாணே, தாதர், கிர்காவ் பக்கம் பழைய டெய்ரிக் கடைகளில் தயாராகவே கிடைக்கும். "சக்கா மிளேல் கா?" (சக்கா கிடைக்குமா?) என்று கேளுங்கள், எடை போட்டுத் தருவார்கள். குடி பாட்வா என்கிற மராத்தி வருஷப்பிறப்பு, தசரா சமயத்தில் நிச்சயம் இருக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாங்கும்போது விரல் நுனியில் ஒரு துளி எடுத்து ருசி பாருங்கள். லேசான புளிப்பு சரி. நாக்கின் ஓரம் கூசினால் பழசு, விட்டுவிடுங்கள். கிரேக்கத் தயிர் என்று குட்டி டப்பாவில் விற்பதைவிட இது எனக்குப் பிடிக்கும். நம் ஊர்ப் பாலின் மணம் அதில் இருக்கிறது.

வீட்டிலேயே வடிப்பதென்றால் ஃபுல் கிரீம் பாலில் தயிர் தோயுங்கள். பாக்கெட்டில் ஃபுல் கிரீம் என்றால் 6 சதவீதம் கொழுப்பு, டோன்டு என்றால் 3 சதவீதம். கொழுப்பு உறையும் தண்ணீருக்கு நடுவே புகுந்து நிற்கும், படிகங்கள் ஒன்றோடொன்று கைகோக்க விடாது. பாலைப் பொங்கியதும் இறக்காமல் பத்து நிமிஷம் சிறு தீயில் வைத்துக் கிளறினால் தயிர் கெட்டியாகத் தோயும். விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுங்கள். மும்பை வெயிலில் ஐந்தாறு மணி நேரம் போதும். புளிக்கும்வரை விடாமல் தோய்ந்த உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எங்கள் அம்மா மாட்டுங்காவில் இருந்த காலத்தில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தயிரைக் கட்டி, சமையலறைக் குழாயில் தொங்கவிடுவார். கீழே பித்தளைத் தவலையில் சொட்டுச் சொட்டாக மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நீர் விழும். மே மாதத்தில் அப்படிச் செய்தால் மூன்று மணி நேரத்தில் தயிர் புளித்து, துணியே புளிப்பு வாடை அடிக்கும். பழம் சேர்க்கிற பண்டத்துக்கு அது ஆகாது. நான் செய்வது இப்படி: ஆழமான பாத்திரத்தின் மேல் மாவுச் சல்லடை, அதன் மேல் நனைத்துப் பிழிந்த மல்மல் துணி இரண்டு மடிப்பு, அதில் தயிர், மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர். இதை அப்படியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு கிலோ தயிர் ஏறக்குறைய பாதியாகிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் குறையும். துணியைப் பிரித்தால் துணியின் இழை தயிர் மேல் அச்சு விழுந்திருக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. அதுதான் பதம்.

கீழே நின்ற நீரைக் கொட்டாதீர்கள். தயிரின் சுண்ணாம்புச் சத்திலும் புரதத்திலும் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. சப்பாத்தி மாவு பிசையுங்கள், அடைக்கு அரைக்கும்போது விடுங்கள், ரசத்தில் புளியைக் குறைத்து இதைச் சேருங்கள்.

அடுத்தது சர்க்கரை. உங்கள் இரண்டு ஸ்பூன்தான் கல்லானதற்கு இரண்டாவது காரணம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் என்று நினைக்கிறோம். உறையும் பண்டத்தில் அதன் பெரிய வேலை, தண்ணீரில் ஒரு பங்கை உறையவிடாமல் பிடித்துவைப்பது. வீட்டு ஃப்ரீஸரின் -18 டிகிரியில் வெறும் தயிரின் தண்ணீர் பெரும்பகுதி உறைந்துவிடும். சர்க்கரை கரைந்த தயிரில் கொஞ்சம் பாகாகவே நிற்கும், அதனால்தான் பல் இறங்குகிறது. தேன் இதில் இன்னும் கெட்டிக்காரன். அதில் இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சர்க்கரையைவிடச் சின்ன மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி எடை. அதே எடைக்கு எண்ணிக்கையில் அதிகம் என்பதால் உறைநிலையை அதிகம் இறக்கும். அதனால் நான் மூன்று பங்கு பொடித்த சர்க்கரைக்கு ஒரு பங்கு தேன் சேர்ப்பேன். ஐஸ்கிரீமில் பொதுவாக நூறு கிராமுக்கு 14 முதல் 16 கிராம் சர்க்கரை. பழத்தின் இனிப்பையும் சேர்த்து அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்தால்தான் மென்மை வரும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உறையவைக்கும் முன் ருசி பார்க்கும்போது "கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும்.

சர்க்கரையே வேண்டாம் என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை, வடிவத்தை மாற்றச் சொல்வேன். மெல்லிய தகட்டில் இனிப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கையால் உடைத்துவிடலாம். அரை கிலோ டப்பாவில் அது நடக்காது.

சரி, தகட்டுக்கு வருவோம். ஹாபுஸ் (அல்ஃபான்சோ) மாம்பழக் காலமாக இருந்தால் நான் போடும் அளவு: சக்கா 400 கிராம், நன்கு பழுத்த மாம்பழக் கூழ் 200 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், தேன் ஒரு மேசைக் கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் இரண்டு. மத்தால் அடித்தால் போதும், மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் ஓடினால் வடித்த தயிர் இளகிவிடும். தட்டையான எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையைக் கரண்டியின் முதுகால் தள்ளிப் பரப்புங்கள். கனம் அரை சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். தோசை ஊற்றுகிற கை இருந்தால் இது தானாக வரும்: நடுவில் கொட்டி, வட்டமாக வெளியே இழுக்க வேண்டும். மேலே பொடியாக நறுக்கிய மாம்பழம், உடைத்த பிஸ்தா. துண்டுகள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மேல் போகக் கூடாது. பழம் பெரிய துண்டாக உறைந்தால் பல்லை உடைக்கப் பார்க்கும்.

தட்டை ஃப்ரீஸரின் தரையை ஒட்டி வையுங்கள், டப்பாக்களின் மேல் அல்ல. உலோகத் தட்டு குளிர்ந்த தரையைத் தொட்டால் வெப்பம் சட்டென்று இறங்கும். பிளாஸ்டிக் தட்டு அதைத் தடுக்கும். மூன்று மணி நேரத்தில் உறைந்துவிடும். எடுத்து, பேப்பரோடு தூக்கி, ஒரு ஓரத்தை மடக்கினால் அப்பளம் உடைவது மாதிரி சத்தம் வரும். கோணல்மாணலாக உடைத்து ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். பேத்திக்கு அந்தச் சத்தத்துக்காகவே உடைக்க வேண்டும், தின்பது அப்புறம்தான்.

இன்னொரு வழி, மிக்ஸி வழி, விருந்தாளி வந்தால் நான் செய்வது. குளிரைக் கொண்டுவரும் வேலையைப் பழத்திடம் கொடுத்துவிடுகிறோம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தை வில்லையாக நறுக்கித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு கவரில் போட்டு வையுங்கள். மாம்பழம், சப்போட்டா, எதுவானாலும் அப்படியே. வேண்டும்போது உறைந்த பழம் 300 கிராம், ஃப்ரிட்ஜில் குளிர்ந்த சக்கா 200 கிராம், தேன் ஒன்றரைக் கரண்டி. மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்திருங்கள். பழத்தை ஐந்து நிமிஷம் வெளியே வைத்த பிறகு, மிக்ஸியின் விப்பரில், அதாவது பல்ஸ் நிலையில், விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் ரவை மாதிரி உதிரியாக வரும், பயந்து பால் ஊற்றிவிடாதீர்கள். ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு, சக்காவைச் சேர்த்து மறுபடி நாலைந்து தடவை. திடீரென்று கூடிக்கொண்டு வெண்ணெய் மாதிரி திரளும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூட்டில் இளகி மில்க்‌ஷேக் ஆகிவிடும். மால் பதத்துக்கு வீட்டில் மிக நெருக்கமாகப் போவது இதுதான், ஆனால் உடனே சாப்பிட்டாக வேண்டும். மிச்சத்தை மறுபடி ஃப்ரீஸரில் வைத்தால் பழைய கல் கதைதான். வாழைப்பழம் எதனோடு சேர்ந்தாலும் வழவழப்பைக் கூட்டும். மொத்தப் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுவாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு நேரம் போக்க வேண்டுமென்றால் ஐஸும் கல்லுப்பும் வழி இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை -21 டிகிரி வரை இறங்கக்கூடியது. வீட்டில் அவ்வளவு வராவிட்டாலும் தயிர் உறையத் தேவையான குளிர் கிடைத்துவிடும். நடுவில் எவர்சில்வர் தூக்கு, அதில் கலவை. ஒருவர் தூக்கைச் சுழற்ற, இன்னொருவர் மரக்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் திரண்டுவிடும். மெஷின் செய்கிற வேலையைக் கை செய்கிறது. உப்பு ஐஸைக் குழந்தைகள் வெறும் கையால் பிடிக்க விடாதீர்கள், தோல் பொசுங்கும்.

அரை மணிக்கு ஒரு தடவை டப்பாவை வெளியே எடுத்துக் கலக்கினால் போதும் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஓரளவு பலன் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடுவதில் ஃப்ரீஸர் குளிரை இழக்கிறது, இரண்டு குழந்தைகளோடு நாலு மணி நேரம் காவல் இருக்கவும் முடியாது. நான் அதை விட்டுவிட்டேன். பால் பவுடர் இரண்டு கரண்டி சேர்ப்பது நல்ல யோசனை, மிச்சத் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போட்டால் பாலின் சர்க்கரையே படிகமாகி மணல் மாதிரி நெறுநெறுக்கும்.

இப்போது பழம். இதில்தான் இந்த ஊரில் இருப்பவர்களுக்கு யோகம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி, ஏப்ரல் மே மாதங்களில் கொங்கணத்து ஹாபுஸ், ஜூனில் நாவல்பழம், மழை ஓயும்போது சீதாப்பழம், குளிர்காலத்தில் தஹாணு, கோல்வட் பக்கத்துச் சப்போட்டா. மகாராஷ்டிர டெய்ரிக்காரர்கள் சக்காவில் மாம்பழம் கலந்து ஆம்ரகண்ட் செய்வது சும்மா இல்லை. வடித்த தயிருக்கு ஹாபுஸைப்போல் பொருந்தும் பழம் எனக்குத் தெரிந்து வேறில்லை. நாரே இல்லாத சதை, தண்ணீர் குறைவு, தயிரின் புளிப்புக்கு ஈடு கொடுக்கிற மணம்.

அதற்கு அடுத்தபடியாக சீதாப்பழம். விதை எடுப்பது பொறுமை சோதிக்கிற வேலைதான். சல்லடையில் கரண்டியால் தேய்க்காமல், சதையைக் கிண்ணத்தில் போட்டு மத்தால் மெதுவாக நாலு சுற்றுச் சுற்றினால் விதை கழன்று நிற்கும், கையால் பொறுக்கிவிடலாம். அதன் சதையே பாலாடைபோல் இருப்பதால் சர்க்கரை பாதி போதும். சப்போட்டா நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். கொஞ்சம் காயாக இருந்தாலும் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு தயிரின் ருசியையே கெடுக்கும்.

ஸ்ட்ராபெர்ரியைப் பச்சையாகப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதியாக வெட்டி, கால் கிலோவுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் சாறு விடும். அந்தச் சாறோடு அடுப்பில் ஏற்றி, எட்டுப் பத்து நிமிஷம் வற்றவிடுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். நன்றாக ஆறியதும் சக்காவில் முழுக்கக் கலக்காமல் அங்கங்கே சுழித்துவிடுங்கள். வெள்ளைக்கு நடுவே சிவப்பு நரம்பு ஓடும், உறைந்தாலும் அந்த இடம் ஜாம் மாதிரி மென்மையாகவே இருக்கும். நாவல்பழத்துக்கும் இதே வழி. தர்பூசணி மட்டும் வேண்டாம், அது 92 பங்கு தண்ணீர்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் பச்சையாகத் தயிரில் சேர்க்காதீர்கள். அவற்றில் புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. தயிர் நீர்த்துக் கசக்க ஆரம்பிக்கும். உறையவைத்தால் அந்த நொதி சாகாது, தூங்கும்; வெளியே எடுத்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். அன்னாசியைச் சர்க்கரையோடு ஐந்தாறு நிமிஷம் கொதிக்கவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. மற்ற இரண்டையும் நான் சேர்ப்பதே இல்லை.

வைத்துச் சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்கள் பனி படியாமல் இருக்க அவ்வப்போது தாமாகவே கொஞ்சம் சூடாகிக் குளிர்கின்றன. ஒவ்வொரு தடவையும் சின்னப் படிகம் உருகி, பெரிய படிகத்தின் மேல் போய் உறைகிறது. காற்றும் பண்டத்தை உலர்த்தும். அதனால் காற்று இல்லாமல் அழுத்தி மூடி, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி சிலவற்றில் -18 வரை வராது. அங்கேயும் தகடு உறைந்துவிடும், டப்பாதான் சிரமம். சாப்பிடும் முன் தகடு என்றால் இரண்டு நிமிஷம், குல்ஃபி அச்சில் உறையவைத்தது என்றால் பத்து நிமிஷம் வெளியே இருக்கட்டும்.

சர்ச்கேட்டில் 1953 முதல் இருக்கும் கே. ருஸ்தம் கடையில் ஐஸ்கிரீம் துண்டை இரண்டு வேஃபருக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் தகட்டைக் கொஞ்சம் கனமாக, ஒரு சென்டிமீட்டருக்குப் பரப்பி, சதுரமாக வெட்டி, இரண்டு மேரி பிஸ்கெட்டுக்கு நடுவில் வைத்துக் கொடுக்கிறேன். ஸ்கூல் விட்டு வருகிற பெண்ணுக்குக் கையில் பிசுக்கு ஒட்டாது.

உங்கள் பையனுக்கு மூன்று வயது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முழுத் திராட்சையை உறையவைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தையின் தொண்டைக்குழியை அடைக்கச் சரியான அளவு அது. உறைந்தால் நசுங்கவும் செய்யாது. ஐந்து வயது வரை திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் தர வேண்டும். பாதாம், பிஸ்தா அவனுக்குப் பொடியாகப் போகட்டும். அவன் பங்கைத் தகடாகத் தராமல் மிக்ஸியில் அடித்ததைக் கிண்ணத்தில் கொடுங்கள், உட்கார்ந்து சாப்பிடட்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், தேன் சேர்த்த எதையும் அதற்குத் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். அந்தச் சின்னக் குடலில் தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி விஷத்தை உண்டாக்கிவிடும்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்டீர்கள். கடை ஐஸ்கிரீமைவிட இதில் புரதம் அதிகம், செயற்கை நிறம் கிடையாது, என்ன போட்டோம் என்று நமக்கே தெரியும். தயிரின் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி உறைவதில் சாகும், நிறையவே பிழைத்தும் இருக்கும். அதற்காக இதை மருந்தாக நினைக்க வேண்டாம். சர்க்கரை இருக்கிறது, இது தின்பண்டம்தான். தினமும் சாதத்துக்குப் போடுகிற தயிர் செய்யும் நன்மையை இது மாற்றீடு செய்யாது. பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இது ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பாலின் சர்க்கரையில் ஒரு பங்கு தோயும்போதே புளிப்பாக மாறிவிட்டது, இன்னொரு பங்கு வடித்த நீரோடு போய்விட்டது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். சளி வருவது வைரஸால், குளிர்ந்த பண்டத்தால் அல்ல. ஆனால் ஏற்கெனவே இருமுகிற குழந்தைக்கு இதைக் கொடுத்தால் தொண்டை கூசி இருமல் கூடலாம், அவர் அனுபவத்தில் பார்த்தது அதுவாக இருக்கும். இருமல் இருக்கும் நாளில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் தகட்டில் சீதாப்பழம் போட்டு, ஏலக்காய் ஒன்று கூடுதலாகத் தட்டி, அவருக்கே முதலில் கொடுங்கள்.

அந்தக் கல் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவையுங்கள். காலையில் தயிர் திரிந்து நீர் தனியே நிற்கும். உறைந்து உருகியதில் புரத வலை அறுந்துவிட்டது, கெட்டுப்போகவில்லை. துணியில் கொட்டி இரண்டு மணி நேரம் வடியுங்கள். ஸ்ட்ராபெர்ரித் துண்டுகளைப் பொறுக்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு அடுப்பில் வற்றவைத்து ஆறவிடுங்கள். வடிந்த தயிரில் தேன் ஒரு கரண்டி, பொடித்த சர்க்கரை இரண்டு கரண்டி சேர்த்து நன்றாக அடித்து, ஸ்ட்ராபெர்ரியைச் சுழித்துவிட்டு, தட்டில் அரை சென்டிமீட்டருக்குப் பரப்பி மறுபடி வையுங்கள். லேசாகப் பொரபொரவென்று இருக்கும், ஆனால் உடையும், கரண்டி வளையாது.